அமெரிக்கக் கல்லூரிகளில் ஓட்டக் குழு இனி இருக்குமா?

வாசகர் கேள்வி, ஆகஸ்ட் 17, 2025

டெக்சஸில் இருக்கிறோம். மகள் 11ஆம் வகுப்பு. 3200 மீட்டரை 11 நிமிடம் 5 விநாடியில் ஓடுகிறாள். பள்ளிக் கோச், "கல்லூரியிலும் ஓடலாம், விட்டுவிடாதே" என்கிறார். ஆனால் கேட்கிற இடத்திலெல்லாம் ஒரே பேச்சு: இனி அமெரிக்க ஃபுட்பாலும் பாஸ்கெட்பாலும்தான் மிஞ்சும், ஓட்டத்தை எல்லாக் கல்லூரியும் மூடிவிடும் என்று. உண்மையா? இதை நம்பி அவளை இந்த வழியில் விடலாமா?

ஆகஸ்ட் 17, 2025, இரவு

எல்லாக் கல்லூரியும் மூடிவிடும் என்பது மிகை. ஆனால் அந்தப் பயத்துக்குக் காரணம் இருக்கிறது. என் மகன் இந்த மாற்றத்தில் அடிபட்டவன். அதனால் ஒரு வருடமாக இதைப் பற்றி எது வந்தாலும் விடாமல் படிக்கிறேன்.

நடந்தது இதுதான். ஜூன் 6 அன்று நீதிபதி கிளாடியா வில்கன், ஹவுஸ் வழக்கின் சமரசத்துக்கு ஒப்புதல் கொடுத்தார். கல்லூரி விளையாட்டுகளை நடத்தும் என்சிஏஏ சங்கத்தின் மேல், வருமானத்தில் தங்களுக்கும் பங்கு வேண்டும் என்று விளையாட்டு மாணவர்கள் போட்ட வழக்கு அது. 2016 முதல் கல்லூரியில் விளையாடியவர்களுக்குப் பத்து ஆண்டுகளில் சுமார் 280 கோடி டாலர் இழப்பீடு போகும். அது பழைய கணக்கு. புதிய கணக்கு ஜூலை 1 முதல்: ஒரு பல்கலைக்கழகம் தன் விளையாட்டு வருமானத்திலிருந்து முதல் ஆண்டில் 2.05 கோடி டாலர் வரை மாணவர்களுக்கு நேரடியாகவே கொடுக்கலாம். இந்த உச்சவரம்பு வருடா வருடம் ஏறும். பெரிய இடங்களில் இதில் பெரும்பகுதி ஃபுட்பால் பையன்களுக்கு, அடுத்தது ஆண்கள் பாஸ்கெட்பாலுக்கு. அவ்வளவு பணத்தை எங்கிருந்தாவது எடுத்தாக வேண்டும். டிக்கெட் விற்காத, டிவியில் வராத விளையாட்டுகள்தான் முதலில் கண்ணில் படும்.

அப்புறம் ஆள் வரம்பு. முன்பு உதவித்தொகைக்குத்தான் வரம்பு இருந்தது. கிராஸ் கன்ட்ரிக்கும் (புல்வெளியிலும் மேட்டிலும் ஓடும் நெடுந்தொலைவு ஓட்டம்) டிராக்குக்கும் (ஓட்டம், தாண்டுதல், எறிதல் சேர்ந்த தடகளம்) சேர்த்து ஆண்களுக்கு 12.6, பெண்களுக்கு 18. அதைப் பிய்த்துப் பிய்த்துப் பலருக்குக் கொடுப்பார்கள். குழுவில் எத்தனை பேர் வேண்டுமானாலும் இருக்கலாம். இப்போது அது தலைகீழ். உதவித்தொகைக்கு வரம்பு இல்லை, ஆளுக்கு வரம்பு உண்டு. கிராஸ் கன்ட்ரிக்கு 17 பேர். டிராக் அண்ட் ஃபீல்டுக்கு 45 பேர்.

உங்கள் மகளுக்கு நிலைமை கொஞ்சம் தேவலை. ஏன் என்று நாளை எழுதுகிறேன்.

ஆகஸ்ட் 18, 2025

காரணம் 1972இல் வந்த டைட்டில் நைன் சட்டம். கல்லூரி விளையாட்டில் பெண்களுக்கும் சமமான வாய்ப்பு கொடுக்க வேண்டும் என்கிறது. ஃபுட்பால் குழு ஒன்றிலேயே நூறு பையன்களுக்கு மேல். அந்த எண்ணிக்கைக்கு ஈடாகப் பெண்கள் பக்கம் ஆள் காட்ட வேண்டும். ஒரு பெண் இலையுதிர் காலத்தில் கிராஸ் கன்ட்ரியும், குளிர்காலத்தில் இன்டோர் டிராக்கும், வசந்தத்தில் அவுட்டோர் டிராக்கும் ஓடினால் கணக்கில் மூன்று பேர். அதனால் பெண்கள் ஓட்டக் குழுவைக் கல்லூரிகள் அவ்வளவு எளிதில் கைவிடுவதில்லை. வெட்டு விழும்போது பெரும்பாலும் ஆண்கள் பக்கம்தான் விழுகிறது.

இன்னொரு பாதுகாப்பும் இருக்கிறது. பெரிய ஃபுட்பால் நடத்தும் பல்கலைக்கழகம் குறைந்தது 16 விளையாட்டுகளை நடத்த வேண்டும். ஒரே ஓட்டக் குழு அதில் மூன்றாக எண்ணப்படுகிறது. 16க்கு மேல் கையில் வைத்திருக்கும் கல்லூரிக்கு இதே கணக்கு மறுபக்கமும் வெட்டும். ஒரு கோச்சை அனுப்பிவிட்டால் மூன்று விளையாட்டைக் குறைத்தாயிற்று.

ஆகஸ்ட் 21, 2025

திருத்தம். முதல் குறிப்பில் 17 பேர் என்பது எல்லாருக்கும் என்பதுபோல் எழுதிவிட்டேன். சமரசத்தில் சேர்ந்த கல்லூரிகளுக்குத்தான் அந்த வரம்பு. ஹார்வர்ட், யேல் உள்ளிட்ட ஐவி லீக் கல்லூரிகள் எட்டும் சேரவில்லை. என்சிஏஏவின் கீழ் அடுக்குகளான டிவிஷன் 2, டிவிஷன் 3 கல்லூரிகளுக்கு இது பொருந்தாது. கோச்சிடம் பேசும்போது முதல் கேள்வியாக, "நீங்கள் சமரசத்தில் சேர்ந்திருக்கிறீர்களா, உங்கள் குழுவில் எத்தனை பேர்?" என்று கேளுங்கள். கேட்பதில் தயக்கமே வேண்டாம். நாங்கள் கேட்காமல் விட்டோம்.

ஆகஸ்ட் 30, 2025

மகனைப் பற்றிக் கேட்டிருக்கிறார்கள். சரி, எழுதுகிறேன்.

2023இல் ஒரு பெரிய அரசுப் பல்கலைக்கழகத்தில் சேர்ந்தான். பெயர் வேண்டாம். உயர்நிலைப் பள்ளியில் ஒரு மைல் 4 நிமிடம் 19 விநாடி. உதவித்தொகை கொடுத்து அழைக்கும் நேரம் இல்லை அது. ஆனால் கோச் ஒருமுறை ஓடவைத்துப் பார்த்துவிட்டு, "வந்து சேர்ந்துகொள்" என்றார். இங்கே அப்படிச் சேர்பவர்களை வாக்-ஆன் என்பார்கள். கல்லூரி அவனுக்கு ஒரு டாலர்கூடத் தரவில்லை. சீருடையும் ஷூவும் கொடுத்தார்கள். கட்டணம் முழுவதும் நாங்கள்தான் கட்டினோம்.

முதல் வருடம் 8 கிலோமீட்டர் 26 நிமிடத்துக்கு மேல். இரண்டாம் வருடம் அக்டோபரில் 25 நிமிடம் 12 விநாடி. ஒரே வருடத்தில் ஒரு நிமிடம் குறைத்திருந்தான். அந்த ஓட்டத்தை நேரில் பார்த்தேன். மழை பெய்து முடிந்த புல்வெளி. கடைசி மேட்டில் பையன்கள் ஏறி வரும்போது ஆளைத் தெரியவில்லை, முழங்கால் வரை ஒரே சேறு, நம்பர் அட்டை மார்பில் பாதி கிழிந்து தொங்குகிறது. அவன் எதிரணிப் பையன்கள் மூன்று பேரைக் கடைசி முந்நூறு மீட்டரில் தாண்டினான். எல்லைக் கோட்டைத் தாண்டியதும் கயிறு கட்டிய பாதையில் குனிந்து நின்றான். பின்னால் வந்த ஒருவன் அவன் முதுகில் தட்டி ஏதோ சொன்னான். இரண்டு பேரும் சிரித்தார்கள்.

டிசம்பரில் கோச் கூப்பிட்டார். கிராஸ் கன்ட்ரியில் இருந்தவர்கள் 26 பேர், அடுத்த வருடம் 17. அவன் பட்டியலில் இல்லை. கோச் மேல் எனக்குக் கோபம் இல்லை. அன்று அவர் ஒன்பது பையன்களிடம் ஒவ்வொருவராக இதையே சொல்லியிருக்கிறார்.

அந்த இரவு மகன் சாப்பாட்டு மேசையில் பழைய செய்தித்தாளை விரித்து, ஸ்பைக்ஸ் என்கிற ஓட்ட ஷூவின் ஆணிகளை ஒவ்வொன்றாகக் கழற்றினான். காய்ந்த மண்ணைப் பல்குச்சியால் நோண்டி எடுத்தான். ஆணிகளை ஒரு மாத்திரை டப்பியில் போட்டு மூடி வைத்தான். அப்படி அவன் அதுவரை செய்ததில்லை. என் மனைவி பக்கத்தில் உட்கார்ந்து இன்னொரு ஷூவை எடுத்துச் சுத்தம் செய்தாள். யாரும் எதுவும் பேசவில்லை.

ஏப்ரலில் நீதிபதி இந்த ஆள் வரம்பையே கேள்வி கேட்டு ஒப்புதலை நிறுத்திவைத்தார். அப்போது வீட்டில் ஒரு நம்பிக்கை வந்தது. கடைசியில், வெளியே அனுப்பப்பட்டவர்களைக் கல்லூரி விரும்பினால் வரம்புக்கு வெளியே திரும்பச் சேர்த்துக்கொள்ளலாம் என்று மாற்றினார்கள். 'விரும்பினால்' என்ற அந்த ஒரு சொல்லில்தான் எல்லாம் போயிற்று. அவன் கல்லூரி விரும்பவில்லை.

செப்டம்பர் 2, 2025

"உதவித்தொகையே வாங்காத பையனுக்கு இடம் போனால் யாருக்கு என்ன நஷ்டம்? படிக்கத்தானே போனான்?" என்று ஒருவர் கேட்கிறார்.

கிராஸ் கன்ட்ரி எப்படி நடக்கிறது என்று பாருங்கள். ஏழு பேர் ஓடுவார்கள். முதல் ஐந்து பேரின் இடங்களைக் கூட்டினால் வருவது குழுவின் புள்ளி, குறைந்த புள்ளிக்கு வெற்றி. ஆறாவது, ஏழாவது ஆளுக்குப் புள்ளி கிடையாது. ஆனால் எதிரணியின் ஐந்தாவது ஆளுக்கு முன்னால் அவர்கள் வந்துவிட்டால் அந்த அணியின் புள்ளி ஏறும். கணக்கில் வராத ஆள் ஆட்டத்தையே மாற்றுவார். பயிற்சியிலும் அப்படித்தான். 20ஆவது ஆள் பின்னாலேயே மூச்சு வாங்கிக்கொண்டு வருகிறான் என்பதால்தான் 12ஆவது ஆள் வேகத்தைக் குறைப்பதில்லை.

நெடுந்தொலைவு ஓட்டத்தில் உடம்பு மெதுவாகத்தான் பழுக்கும். 18 வயதில் நேரம் பார்த்து ஆளை எடுத்தால், 22 வயதில் வரப்போகிறவனைத் தெரியாமலே போகும். 17 என்றால் கோச் ஆறு மாதம் பொறுக்க மாட்டார். ஏற்கெனவே வேகமாக ஓடுகிறவனை வேறு கல்லூரியிலிருந்தோ வேறு நாட்டிலிருந்தோ கொண்டுவருவார். அவரைக் குறை சொல்ல முடியாது, அவர் வேலையும் அதில்தான் இருக்கிறது.

இந்த நாட்டில் விளையாட்டுக்கென்று அமைச்சகம் கிடையாது. ஒலிம்பிக் கமிட்டிக்கு அரசுப் பணமும் கிடையாது. நம் ஊரில் ஓட்டக்காரரை ரயில்வேயும் ராணுவமும் வேலை கொடுத்துக் காப்பாற்றும். இங்கே அந்த வேலையைக் கல்லூரிதான் செய்கிறது. பாரிஸ் ஒலிம்பிக்கில் 1500 மீட்டர் தங்கம் வாங்கிய கோல் ஹாக்கர் ஆரிகன் பல்கலைக்கழகத்தில் வளர்ந்தவர். 5000, 10,000 இரண்டிலும் வெண்கலம் வாங்கிய கிராண்ட் ஃபிஷர் ஸ்டான்ஃபோர்டில் வளர்ந்தவர்.

செப்டம்பர் 9, 2025

"இதற்கு முன்பும் மூடியிருக்கிறார்களா?" மூடியிருக்கிறார்கள், பலமுறை. 2020இல் கொரோனாவைக் காட்டி வரிசையாக அறிவித்தார்கள். பிரவுன் பல்கலைக்கழகம் ஆண்கள் ஓட்டக் குழுவை நீக்கியது. அந்தக் குழுவில்தான் கறுப்பின மாணவர்கள் நிறைய இருந்தார்கள் என்று பழைய மாணவர்கள் கொதித்தெழுந்ததும் இரண்டு வாரத்துக்குள் திரும்பக் கொடுத்தது. மினசோட்டா பல்கலைக்கழகத்தில் ஆட்சிக்குழு வெட்டுக்கு ஆதரவாக 7க்கு 5 என்று வாக்களித்தது. அவுட்டோர் டிராக் பிழைத்தது, இன்டோர் டிராக் போயிற்று. கிளெம்சன் 2020 நவம்பரில் ஆண்கள் டிராக்கையும் கிராஸ் கன்ட்ரியையும் நிறுத்துவதாகச் சொல்லி, வழக்கு வரும் என்ற நிலையில் 2021 ஏப்ரலில் பின்வாங்கியது. சென்ட்ரல் மிஷிகனில் ஆண்கள் டிராக் போனது போனதுதான்.

எனக்கு மிகவும் வலித்தது இந்த ஜூனில் வாஷிங்டன் ஸ்டேட் சொன்னது. தாண்டும் போட்டிகளும் எறியும் போட்டிகளும் இனி இல்லை, நெடுந்தொலைவு ஓட்டமே முக்கியம் என்றார்கள். ஓட்டத்தை வைத்துக்கொண்டார்களே என்று சந்தோஷப்படலாம் போலத் தோன்றும். அந்த ஓட்டத்துக்கு அங்கே பெரிய சரித்திரமும் உண்டு. கென்யாவிலிருந்து வந்து அங்கே படித்த ஹென்றி ரோனோ 1978இல் 81 நாட்களுக்குள் நான்கு உலக சாதனைகள் செய்தார்: 5000 மீட்டர், ஸ்டீபிள்சேஸ் (தடைகளைத் தாண்டி ஓடுவது), 10,000, 3000. இன்றைக்கும் நினைத்தால் மலைப்பாக இருக்கும் காரியம் அது. ஆனால் டிராக் அண்ட் ஃபீல்டில் பாதியை வெட்டி மீதியைக் காப்பாற்றுவது காப்பாற்றுவதே இல்லை. டெல்லியில் வளர்ந்த தமிழ்க் குடும்பத்துப் பையன் தேஜஸ்வின் சங்கர், கான்சஸ் ஸ்டேட் கொடுத்த உதவித்தொகையில் வந்து படித்து, 2018இலும் 2022இலும் உயரம் தாண்டுதலில் என்சிஏஏ பட்டம் வாங்கினார். தாண்டுபவர்களுக்கு இடமே இல்லை என்று கல்லூரிகள் ஒவ்வொன்றாகச் சொல்ல ஆரம்பித்தால் அடுத்த தேஜஸ்வின் எந்தக் கதவைத் தட்டுவார்?

செப்டம்பர் 14, 2025

பயணச் செலவைப் பற்றி ஒருவர் எழுதியது நியாயமான கவலை. பிக் டென் என்பது ஒரு கான்ஃபரன்ஸ், அதாவது தங்களுக்குள் போட்டி நடத்தும் பல்கலைக்கழகங்களின் கூட்டமைப்பு. 2024இலிருந்து அதில் 18 பல்கலைக்கழகங்கள். கிழக்குக் கரையில் ரட்கர்ஸ், மேற்குக் கரையில் யுசிஎல்ஏ. வாலிபால் பெண்கள் வாரா வாரம் கண்டம் தாண்டிப் பறக்கிறார்கள். நானும் ஓட்டத்துக்கு இதுதான் எமன் என்று நினைத்திருந்தேன். மகன் மறுத்தான். கிராஸ் கன்ட்ரியில் கான்ஃபரன்ஸ் போட்டி வருடத்துக்கு ஒன்றே ஒன்று. மற்றவை அக்கம்பக்கத்தில் நடக்கும் அழைப்புப் போட்டிகள், பஸ்ஸில் போய்விட்டு வரலாம். அவன் சொன்னதுதான் சரி.

செப்டம்பர் 21, 2025

இப்போது பணக் கணக்கு. இதை எழுதத்தான் இத்தனை நாள் சுற்றி வந்தேன்.

கிளெம்சன் அன்று சொன்ன சேமிப்பு ஆண்டுக்கு 20 லட்சம் டாலருக்கு மேல். உங்கள் மாநிலத்திலேயே டெக்சஸ் ஏ அண்ட் எம் 2023இல் ஃபுட்பால் கோச் ஜிம்போ ஃபிஷரை வேலையிலிருந்து அனுப்பியபோது, ஒப்பந்தப்படி அவருக்குக் கொடுக்க வேண்டியிருந்த தொகை ஏறத்தாழ 7.6 கோடி டாலர். வேலை செய்யாமல் இருப்பதற்கான தொகை அது. கிளெம்சன் சொன்ன கணக்கில் பார்த்தால் ஒரு ஆண்கள் ஓட்டக் குழுவை முப்பது ஆண்டுகளுக்கு மேல் நடத்தலாம்.

அந்த 20 லட்சத்துக்குள்ளும் போய்ப் பார்க்க வேண்டும். அதில் பெரிய பங்கு உதவித்தொகை. உதவித்தொகை என்றால் விளையாட்டுத் துறை பல்கலைக்கழகத்துக்குக் கட்டும் கல்விக் கட்டணம். ஒரே வீட்டில் வலது பையிலிருந்து இடது பைக்குப் போகிற பணம். முப்பதாயிரம் பேர் படிக்கும் இடத்தில் கூடுதலாக ஒரு பையன் வகுப்பில் உட்காருவதால் புதிதாக என்ன செலவு வந்துவிடும்? கோச் சம்பளம், பஸ், ஹோட்டல், ஷூ, காலுக்குக் கட்டுப்போடும் டிரெய்னர் நேரம், இவைதான் வெளியே போகும் உண்மையான செலவு. வாக்-ஆன் பையன் விஷயத்தில் அதுவும் சொற்பம், கட்டணம் வேறு கட்டுகிறான். என் மகனை அனுப்பியதில் அந்தப் பல்கலைக்கழகம் எதை மிச்சப்படுத்தியது என்று எத்தனையோ இரவு கணக்குப் போட்டுப் பார்த்திருக்கிறேன். இரண்டு ஜோடி ஷூவும் சில ஹோட்டல் இரவுகளும்தான் வருகிறது.

புதிய உதவித்தொகைகளுக்கும் ஒரு முட்டுக்கட்டை உண்டு. வரம்பு போய்விட்டது என்றாலும், பழைய அளவுக்கு மேல் கொடுப்பதில் 25 லட்சம் டாலர் வரை அந்த 2.05 கோடிக்குள் எண்ணப்படும். எந்த விளையாட்டு இயக்குநர் அதை ஓட்டத்துக்குச் செலவழிப்பார்?

செப்டம்பர் 22, 2025

நேற்று எழுதியதை மறுபடி படித்தேன். ஃபுட்பால் பையன்கள் மேல் பழி போடுவதுபோல் யாராவது எடுத்துக்கொண்டால் அது என் எண்ணம் இல்லை. அரங்கம் நிறைத்து, டிவி ஒப்பந்தம் வாங்கிக் கொடுத்து, தலையிலும் முழங்காலிலும் அடிபட்டு, பல்லாண்டுகளாக அவர்களுக்குச் சம்பளம் என்று ஒன்றும் வரவில்லை. பலர் ஏழைக் குடும்பத்துப் பையன்கள். அவர்களுக்குப் பங்கு கிடைத்தது நியாயம். இந்த வழக்குக்குப் பெயர் கொடுத்த கிராண்ட் ஹவுஸே ஃபுட்பால் ஆடியவர் இல்லை, அரிசோனா ஸ்டேட்டில் நீந்தியவர். நீச்சலும் ஓட்டத்தைப்போலக் காசு கொண்டுவராத விளையாட்டுதான்.

என் கோபம் அந்தப் பங்கை யார் தலையில் கட்டினார்கள் என்பதில். கோச்களின் கோடிகள் குறையவில்லை, புதிய உள்ளரங்குகள் கட்டுவது நிற்கவில்லை. குறைந்தது 18ஆவது ஓட்டக்காரன்.

ஜூலை 24 அன்று வெள்ளை மாளிகையிலிருந்து ஓர் உத்தரவு வந்தது, 12.5 கோடி டாலருக்கு மேல் விளையாட்டு வருமானம் உள்ள கல்லூரிகள் மற்ற விளையாட்டுகளுக்கு உதவித்தொகையும் இடமும் கூட்ட வேண்டும் என்று. அதை வைத்து எந்த முடிவும் எடுக்க வேண்டாம் என்பதே என் கருத்து. உங்கள் மகளுக்குத் தெரிய வேண்டியது அடுத்த வருடப் பட்டியலில் எத்தனை பெயர் என்பது. அதைக் கோச்சிடம்தான் கேட்க முடியும்.

செப்டம்பர் 30, 2025

ஓட்டத்துக்கு முந்தைய இரவு என்ன கொடுப்பது என்று கேட்டிருக்கிறீர்கள். பழகிய சாப்பாடு எதுவோ அது. எங்கள் வீட்டில் தயிர்சாதம், வறுத்த உருளைக்கிழங்கு. காரம் வேண்டாம், பருப்பு அதிகம் வேண்டாம். காலையில் மூன்று மணி நேரம் முன்னால் இரண்டு இட்லி, சர்க்கரை தொட்டுக்கொண்டு.

2024இல் குழுப் பையன்கள் பதினொரு பேர் ஒரு ஞாயிற்றுக்கிழமை எங்கள் வீட்டுக்கு வந்தார்கள். காலையில் இருபது கிலோமீட்டர் ஓடிவிட்டு வந்த பசி. என் மனைவி ஐந்து ஈடு இட்லி வேகவைத்தாள். ஒரு பையன் பதினெட்டு சாப்பிட்டுவிட்டு, இந்த மாவை ஊருக்கு எடுத்துப்போக முடியுமா என்று கேட்டான். விஸ்கான்சின் பண்ணை வீட்டுப் பையன். அவனும் அந்த ஒன்பதில் ஒருவன். போன மாதம் செய்தி அனுப்பியிருந்தான், இட்லித்தட்டு வாங்கிவிட்டானாம்.

அக்டோபர் 7, 2025

டிவிஷன் 3 பற்றிக் கேட்டவருக்கு. இப்போது உங்கள் மகளுக்கு நான் முதலில் சொல்லும் இடம் அதுதான். ஆகஸ்டில் கேட்டிருந்தால் இப்படிச் சொல்லியிருக்க மாட்டேன்.

நானூறுக்கு மேற்பட்ட கல்லூரிகள். விளையாட்டுக்கென்று உதவித்தொகை கிடையாது. மதிப்பெண்ணுக்கும் குடும்ப வருமானத்துக்கும் ஏற்ற உதவி உண்டு. அங்கே கணக்கே வேறு. ஆயிரத்து ஐநூறு பேர் படிக்கும் சிறிய தனியார் கல்லூரிக்கு மாணவர் வருவதே பெரும்பாடு. ஓட்டக் குழுவுக்காக முப்பது பேர் வந்து சேர்ந்தால் முப்பது கட்டணம். பெரிய பல்கலைக்கழகத்தில் செலவாகத் தெரிகிற அதே 18ஆவது ஆள் இங்கே வருமானம். அதனால் குழுவை மூடுவதில்லை, இன்னும் ஆள் கூட்டிக்கொண்டு வா என்பார்கள். ஓட்டத்தின் தரத்தைக் குறைவாக நினைக்க வேண்டாம். 2013இல் மாஸ்கோ உலகத் தடகளப் போட்டியில் 800 மீட்டர் வெள்ளி வாங்கிய நிக் சிமண்ட்ஸ், ஆரிகனில் வில்லமெட் என்ற சின்னக் கல்லூரியிலிருந்து வந்தவர்.

ஒன்றை மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள். சிறிய கல்லூரிகளில் குழு மூடுவதற்குப் பதில் கல்லூரியே மூடும் ஆபத்து உண்டு. மாணவர் எண்ணிக்கை ஐந்து வருடமாக ஏறுகிறதா இறங்குகிறதா என்று பார்க்காமல் பணம் கட்டாதீர்கள்.

மகன் கல்லூரியை மாற்றவில்லை. படிப்பு அங்கே நன்றாகப் போகிறது. இந்த ஆகஸ்டில் அங்கேயே ரன்னிங் கிளப்பில் சேர்ந்தான். மாணவர்களே நடத்துவது, கோச் கிடையாது, பெட்ரோலுக்கு ஆளுக்குப் பத்து டாலர். நிர்கா என்ற சங்கம் அவர்களுக்குத் தேசியப் போட்டிவரை நடத்துகிறது. அந்த ஒன்பதில் நான்கு பேர் இப்போது அங்கே. இதை மாற்று ஏற்பாடு என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை. பார்த்துத் திருத்த ஒரு கோச்சின் கண் இல்லை, டிரெய்னர் இல்லை, குளிர்காலத்தில் உள்ளரங்கு நேரம் இரவு பத்து மணிக்குத்தான் கிடைக்கும். ஆனால் ஓடுகிறார்கள். போன சனிக்கிழமை 25 நிமிடம் 31 விநாடி.

அக்டோபர் 18, 2025

மகள் இரண்டு டிவிஷன் 3 கோச்களிடம் தானே பேசினாள் என்று படித்ததும் மிகவும் மகிழ்ச்சி. அதில் ஒருவர் "எங்கள் குழுவில் 31 பெண்கள், யாரையும் வெட்டுவதில்லை" என்றது நல்ல பதில். போய்ப் பார்க்கும்போது கோச்சைவிடக் கடைசி நிலையில் ஓடும் பெண்களிடம் பேசச் சொல்லுங்கள். அவர்கள் எப்படி நடத்தப்படுகிறார்கள் என்பதை வைத்து அந்தக் குழுவைத் தெரிந்துகொள்ளலாம்.

அடுத்த வாரப் போட்டிக்கு ஸ்பைக்ஸ் கேட்டீர்கள். காய்ந்த புல் என்றால் கால் அங்குல ஆணி போதும். மழை பெய்தால் அரை அங்குலம். திருகுச் சாவி ஒன்றைக் காரிலேயே போட்டுவையுங்கள். ஆணியை முந்தைய இரவே மாற்றிவிட வேண்டாம், காலையில் போய் மண்ணை மிதித்துப் பார்த்துவிட்டு மாற்றட்டும்.